மெக்கானிக் மா. சங்கையா, பரளச்சி

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது என் தொழில். அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு பாத்திரக்கடை வாசல், ஒரு முக்காலி, மடியில் பழைய சாக்கு, கையில் கரண்டில் ஓடும் பேனா. முப்பத்தொன்பது வருடமாக இதுதான் நான். பெயர் சீனிச்சாமி. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு என்று எந்த விசேஷத்துக்குப் பாத்திரம் எடுத்தாலும் கொடுப்பவர் பெயர் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்ததாகவே எங்கள் பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்ஷியல், பெயர், ஊர். இந்த வரிசையில் எத்தனை லட்சம் முறை வெட்டியிருப்பேனோ தெரியாது. பெயரை வெட்டினால் பின்னாலேயே ஊரையும் வெட்டாமல் என் கை நிற்காது. அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையைக் குறை சொல்லி என்ன, கெட்டது நான்தான்.

பரளச்சி முத்துத்தாய் அக்காவை எனக்குத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து தெரியும். இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. மானாவாரிக் காட்டில் மல்லியும் மிளகாயும் போட்டு, நாலு ஆடு வளர்த்து, இறந்துபோன தம்பியின் மகன் மருதுபாண்டியை வளர்த்து ஆளாக்கியவர். சொந்தபந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார். தூக்குவாளியோ சருவச்சட்டியோ, வசதிக்குத் தகுந்தபடி ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக என் முக்காலிக்கு வருவார். "மா. சங்கையா, பரளச்சின்னு வெட்டு தம்பி" என்பார். தன் பெயரை ஒருநாளும் வெட்டச் சொன்னதில்லை. யார் அது என்று முதல் தடவை கேட்டேன். எங்க வீட்டுக்காரவுக, வெளியூர்ல இருக்காக என்றார்.

வெளியூரில்தான் இருந்தார். எந்த ஊர் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. சங்கையா பம்புசெட் இன்ஜின் பழுதுபார்ப்பவர். எழுபத்து மூன்றில், கல்யாணம் ஆகிப் பத்து மாதத்தில், மதராசில் லாரி ஷெட் வேலை இருக்கிறது என்று போனவர். பொங்கலுக்கு வருவதாக ஒரு கார்டு வந்ததாம். அதற்குப் பிறகு பொங்கல்தான் வந்துகொண்டிருந்தது. ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டியைப் பிடிக்காமல் ஓடிவிட்டான் என்றது. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றது. சங்கையாவின் பெரியப்பா மகன் தங்கசாமி, பார்த்த ஆள் சொன்னதாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். முத்துத்தாய் அக்கா யாரிடமும் வாதாடவில்லை. தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை விடவில்லை, விசேஷ வீடுகளுக்குச் செய்ய வேண்டிய செய்முறை ஒன்று விடாமல் புருஷன் பெயரில் செய்தார். ஓடிப்போனவன் என்று பேசியவர்கள் வீட்டிலேயே சங்கையா பெயர் வெட்டிய வாளியில் தண்ணீர் இருந்தது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தப் பெயரை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவேன்.

இனி, இதில் ஒரு கார் வந்து சேர்ந்த விஷயம். திருச்சுழி ரோட்டில் ராஜபாண்டி என்று ஒருவன் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். என் கூட்டாளி. அடிபட்ட வண்டிகளில் ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆறேழு வருடமாக ஒரு பைத்தியம். பழைய ஜீப் சேஸிஸை வாங்கி, அதன்மேல் தகட்டை அடித்து அடித்து, அந்தக் காலத்து ரேஸ் காராக மாற்றிவிடுவான். ஹோட்டல்காரர்களும், கல்யாண போட்டோ எடுப்பவர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள். எந்த ரேஸிலும் ஓடாத வண்டியை ரேஸில் ஓடிக் களைத்த வண்டியாகக் காட்டுவதில் அவனை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. நீண்ட பானெட்டில் காற்றுப் போக மீன் செவுள் மாதிரி வரிசையாகக் கீறல்கள் இருக்கும். அதற்கென்று லேத்தில் சொல்லி அச்சு செய்து வைத்திருக்கிறான், ஒரு நூல் இடைவெளிகூட மாறாது. பானெட்டை இறுக்கிப் பிடிக்க மாட்டுத்தோல் வார், அதற்குப் பித்தளைக் கொக்கி. கதவு கிடையாது. ஓட்டுபவர் முழங்கை வெளியே வருவதற்குப் பக்கத் தகட்டை வளைவாக வெட்டியிருப்பான். கண்ணாடி என்று முகத்துக்கு நேராக அரைவட்டத் துண்டு ஒன்று மட்டும். சைலன்சர் குழாய் வெளியே பக்கவாட்டில் ஓடும். பின்பக்கம் படகு மாதிரிக் கூம்பி முடியும். ஸ்டீயரிங்கில் கயிறு சுற்றியிருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று கண்ணில் பட்டால் சாமியாடிவிடுவான், ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூதான் வேண்டும். நம்பரை ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, வெள்ளை வட்டம் போட்டுப் பிரஷ்ஷால் எழுத வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு புதுப் பெயின்டைச் சில இடங்களில் தேய்த்து எடுப்பான். வாலில் மரச் சுத்தியலால் ஒரே ஒரு ஒடுக்கு போடுவான். ஒடுக்கெடுத்துப் பிழைத்தவன் ஒடுக்குப் போட்டுச் சம்பாதிக்கிறாயே என்று கேலி செய்வேன். சிரிப்பான்.

அவனுக்கு என்னால் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்று டேஷ்போர்டு. அலுமினியத் தகட்டில் வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி தேய்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் செதில் செதிலாக மின்னும். இரண்டாவது, பித்தளைத் தகட்டில் எழுத்து. அந்தக் காலத்து வண்டிகளில் ஓட்டுநர் பெயரும் மெக்கானிக் பெயரும் இருக்குமாம். மிஷினில் வெட்டினால் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும், கையால் புள்ளி வைத்து வெட்டியதுதான் பொருந்தும் என்றான். பெட்டியில் கிடந்த பழைய உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், பஜாரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு மதித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன சித்திரையில் மலைப்பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவருக்கு வண்டி தயாரானது. பச்சை நிறம், ஏழாம் நம்பர். சோழவரம் ரேஸில் ஓடிய வண்டி மாதிரி, எழுபத்து நாலாம் வருடம் மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஓட்டுநர் பெயருக்குத் தன் தாத்தா பெயரையே போடச் சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்கு? ஏதாவது ஒரு பெயரை வெட்டு என்றான் ராஜபாண்டி. சோழவரம், சென்னை என்று முதலில் வெட்டினேன். அந்த வருடத்துக்குத் தகுந்தபடி, தும்பிக்கை வைத்த பழைய 'னை' போட்டேன். அதில் எனக்கு அவ்வளவு கர்வம். ஓட்டுநர் பெயருக்கு அடுத்த வரியில் மெக்கானிக் என்று வெட்டி முடித்து உளியை நகர்த்தினேன். மா. சங்கையா என்று வந்தது. நிறுத்தவில்லை. பரளச்சி என்றும் வந்தது.

வெட்டிய பிறகு வாசித்துப் பார்த்தேன். தவறு என்று தோன்றவில்லை. அந்த மனுஷன் மெக்கானிக், மதராஸுக்குப் போனவர், வருடமும் கிட்டத்தட்ட அதுதான். எங்கேயோ மலைமேல் ஒரு ஹோட்டல் வாசலில் அவர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அக்காவுக்கு ஒரு மரியாதை செய்தது போல ஆயிற்று என்றுகூட நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? தகட்டில் உப்பும் மோரும் தடவிச் சாக்கில் சுற்றி நாலு நாள் வைத்தோம். பச்சைப் பாசி ஏறி, ஓரம் கறுத்து, ஐம்பது வருடத் தகடாகிவிட்டது. ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூ நாலு போட்டு ராஜபாண்டி அதை டேஷ்போர்டில் முடுக்கினான்.

வண்டியை அனுப்பும் முன் ராஜபாண்டி அதைச் சுற்றி வந்து செல்போனில் வீடியோ எடுத்தான். வாய் சும்மா இருக்காத ஆள். வாலில் தான் போட்ட ஒடுக்கைக் காட்டி, எழுபத்து நாலில் இந்த வண்டி கவிழ்ந்தது, ஓட்டியவர் தப்பித்தார், கூட இருந்த மெக்கானிக் பிழைக்கவில்லை என்று கதை விட்டான். பிறகு தகட்டைக் கிட்டத்தில் காட்டினான். அந்த வீடியோ கைமாறிக் கைமாறித் திருப்பூர் வரை போய், அங்கே பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரு பரளச்சிக்காரர் கண்ணில் பட்டுத் திரும்பி ஊருக்கே வந்துவிட்டது. பெயர் மட்டும் இருந்திருந்தால் எத்தனையோ சங்கையா என்று விட்டிருப்பார்கள். இன்ஷியலும் ஊரும் இருந்ததே.

மறுநாள் காலையில் முத்துத்தாய் அக்கா என் முக்காலி முன்னால் நின்றார். கூட மருதுபாண்டி. வீடியோ விஷயத்தை அவன்தான் சொன்னான். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஊரில் எல்லோரும் வாசித்துக் காட்டினார்களாம், ஆனாலும் நான் வந்து பார்த்துச் சொன்னால்தான் நம்புவாராம். அவுக பேரு எழுத்து ஒனக்குத்தான் நல்லாத் தெரியும் தம்பி, வா என்றார். அவர்கள் கூடவே ஆட்டோவில் போனேன். வழியெல்லாம், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் அக்கா வண்டிக்குள் குனிந்து, தகட்டின்மேல் விரலை வைத்தார். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை தடவிக்கொண்டே போனார். "இது அவுக பேருதானா தம்பி?" என்றார்.

பேர் அதுதான் என்றேன். பொய் இல்லை, பாருங்கள். அந்த நேரத்தில்கூட பொய் சொல்லாமல் தப்பிக்க வழி தேடியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

அக்கா தகட்டின்மேல் நெற்றியை வைத்து அழுதார். முப்பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊர்ப் பேரையும் சேத்துப் போட்டு வச்சிருக்காகளே, அப்ப மறக்கலைல்ல, வரணும்னுதான இருந்திருக்காக என்று சொல்லிச் சொல்லி அழுதார். மருதுபாண்டி ராஜபாண்டியிடம் விபத்தைப் பற்றி விசாரித்தான். ராஜபாண்டி என் முகத்தைப் பார்த்தான். வண்டி வாங்குபவர் அன்று சாயங்காலம் வருகிறார். மதராசில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, விற்றவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று முடித்துவிட்டான். அக்கா போன பிறகு அவனைத் திட்டினேன். "ஏலே, பேர வெட்டுனது நீ" என்றான்.

இரண்டு மாதம் கழித்து மருதுபாண்டி கடைக்கு வந்தான். ஆடி அமாவாசையன்று மாமாவுக்குக் கருமாதி வைத்திருப்பதாகச் சொன்னான். அத்தை சம்மதித்துவிட்டார், அன்று விடியற்காலையில் தாலி கழற்றுவது. வருபவர்களுக்குக் கொடுக்க எண்பது சொம்பு எடுத்தான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். இறந்தவர் பெயர் வெட்டி, நினைவாக என்று போட்டு, வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவார்கள். நான்தான் வெட்ட வேண்டும் என்று அத்தை சொன்னாராம்.

முதல் சொம்பை மடியில் வைத்து அமரர் என்று வெட்டினேன். இத்தனை வருடம் அந்தப் பெயரை உயிரோடு வெட்டிய கை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பேனாவை வைத்துவிட்டுப் பரளச்சிக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். எண்பதையும் வெட்டினேன். ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஐம்பது வருடமாக வராதவர் இனி வரவா போகிறார், அக்காவுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது, நீ ஏன் கெடுக்க வேண்டும் என்றெல்லாம். கடைசிச் சொம்பு முடிந்தபோது சாக்கும் முடிந்துவிட்டது. வெட்டியதை அழிக்க முடியாது. தாலியும் அப்படித்தானே.

அமாவாசைக்கு முந்தின நாள் சொம்பு மூட்டையோடு பரளச்சிக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருதுபாண்டி நாற்காலி லோடு ஏற்றப் போயிருந்தான். அக்கா கொல்லைப்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உரித்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் எழுந்து போனார்கள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தத் தகட்ட வெட்டுனது நான்தான். சித்திரையில வெட்டுனேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. சோழவரம் என்று போட்டிருந்ததே என்று கேட்டார். வாங்கியவர் சொன்னது என்றேன். வருடம்? அதுவும் அவர் சொன்னது. அந்தப் பாசி? உப்பும் மோரும். வண்டி கவிழ்ந்தது? ராஜபாண்டி விட்ட கதை. அவுக பேரு என்று கேட்கும்போதுதான் கை நின்றது.

"ஒங்களுக்கு வெட்டி வெட்டிப் பழகிப்போச்சு அக்கா. தெரியாம வந்துருச்சு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவுக செத்ததுக்கும் சாட்சி ஒண்ணும் இல்ல. இருக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல."

ஆமா என்றேன்.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

மனசு கேட்கவில்லை அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

"ஒனக்கு மனசு கேக்கலன்னு எங்கிட்டக் கொண்டாந்து எறக்கிட்ட" என்றார். சத்தம் போடவில்லை. வெங்காயத் தோலை முறத்திலிருந்து தள்ளிவிட்டார். நான் எழுந்தேன். மருதுபாண்டி வந்ததும் நானே சொல்கிறேன், பந்தலைப் பிரிக்கச் சொல்கிறேன், ஊரார் காலில் விழுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். உட்கார் என்று கையைக் காட்டினார்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டியா அம்பது வருசம் இருந்துட்டேன் தம்பி. இந்த மூணு மாசமாத்தான் எங்கூட வந்து உக்காந்து பேசுறாக. ஊரு பேர நெஞ்சுல வச்சுக்கிட்டுச் செத்தாகன்னு சொல்றாக. நாளையிலருந்து செத்தவுக பொண்டாட்டியா இருந்துக்கிறேன். நீ யாருட்டயும் வாயத் தெறக்காத. மருதுட்டயும்தான்."

அத்தோடு விட்டிருக்க வேண்டும் நான். முட்டாள்தனமாகக் கேட்டேன், அவர் எங்கேயாவது உயிரோடு இருந்தால் என்று.

"இருந்தா, அது நான் அவுகளுக்குச் செய்யிற பாவம். பாதிய நீ வச்சுக்க."

பிறகு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மூட்டையை வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் போகாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். வராவிட்டால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினார். போனேன். ஊரே வந்திருந்தது. சங்கையாவுக்குப் போட்டோ கிடையாது. அதனால் மருதுபாண்டி அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்ததைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, நாற்காலியில் சாய்த்து மாலை போட்டிருந்தான். பழைய 'னை', பச்சைப் பாசி, ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூ நாலு. என் கையெழுத்துக்கு முன்னால் சூடம் எரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைக் கும்பிட்டார்கள். கும்பிடாமல் நின்றால் தப்பாகத் தெரியும் என்று நானும் கும்பிட்டேன்.

அக்கா வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை. தங்கசாமி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து படத்துக்கு முன்னால் நின்றார். "ஓடிப்போனவன்னு சொன்னனே சங்கையா, நான் நல்லா இருப்பனா" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதார். அப்படியே திரும்பி, வயதில் சின்னவள் என்றும் பார்க்காமல், முத்துத்தாய் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் மொத்தப் பேரும் ஓவென்று அழுதார்கள்.

அக்கா மட்டும் அழவில்லை. தங்கசாமியைத் தாண்டி என்னைப் பார்த்தார். பட்டறையில் அழுது முடித்த கண்கள். அவருக்கு இனி அழக்கூட முடியாமல் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷனுக்குக் கருமாதி நடக்கிறது, அழுதால் பொய், அழாவிட்டால் ஊர் பேசும். அவர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள், பாவம், தாங்க முடியலை என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டு எழுந்தபோது மருதுபாண்டி ஒரு சொம்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.